சொல்லும் குறிப்பும்: "ஒண்ணுமில்ல" என்பதைக் கேட்கக் கற்போம்



வீட்டில் பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முகம் வாடியிருக்கிறது. "என்ன பாட்டி, ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்று கேட்கிறோம். "ஒண்ணுமில்லப்பா, நீ போய்ப் படி" என்கிறார். ஆனால் அவர் கை நெஞ்சைத் தடவிக்கொண்டே இருக்கிறது. வாய் ஒன்று சொல்கிறது, கை வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது? அடுத்து என்ன கேட்பது? எந்த மொழியில் கேட்பது?

இந்த மாதப் பாடம் இதைப் பற்றித்தான். மனிதர்கள் சொல்லாலும் பேசுகிறார்கள், குறிப்பாலும் பேசுகிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அடுத்தவர் மனம் புரியும்.

தினமும் நம் கண்முன் நடப்பது

மதிய நேரம். உணவங்காடி நிலையத்தில் ஒரு மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் கிடக்கிறது. பக்கத்தில் ஆள் இல்லை. ஆனாலும் யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். "இந்த இடத்துக்கு ஆள் இருக்கு" என்று அந்தப் பொட்டலம் சொல்லிவிட்டது. சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவருக்கு இது புரியாது. யாராவது சொல்லித் தரணும்.

சீனப் புத்தாண்டுக்குப் போகும்போது இரண்டு ஆரஞ்சுப் பழங்களை இரண்டு கைகளாலும் கொடுக்கிறோம். மலாய்ப் பெரியவர் நம் கையைத் தொட்டுவிட்டுத் தன் கையை நெஞ்சருகே கொண்டுபோகிறார். நாம் பெரியவர்களிடம் எதையும் வலது கையால் கொடுக்கிறோம். கோவில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். இதில் எதற்கும் வார்த்தை இல்லை, ஆனால் எல்லாவற்றிலும் பொருள் உண்டு.

கருத்து நான்கு வழிகளில் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

1. சொல்: நாம் தேர்ந்தெடுக்கும் வார்த்தை.
2. குரல்: வேகம், ஏற்ற இறக்கம், இடையில் வரும் மௌனம். "சரி" என்ற ஒரே சொல்லைச் சம்மதமாகவும் சொல்லலாம், சலிப்பாகவும் சொல்லலாம்.
3. உடல்: கண், முகம், கை, நிற்கும் விதம்.
4. பொருளும் இடமும்: எதைக் கொடுக்கிறோம், எவ்வளவு தள்ளி நிற்கிறோம், எங்கே உட்காருகிறோம்.

2020 ஏப்ரலில் முகக்கவசம் கட்டாயமானபோது பாதி முகம் மறைந்துபோனது. அப்போது கண்ணையும் குரலையும் வைத்தே ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டோம். கை குலுக்க முடியாத அந்த நாள்களில் கைகூப்பி வணங்குவது பிற இனத்தாருக்கும் பழக்கமானது.

நம் நூல்கள் இதை எப்படிப் பார்த்தன?

தொல்காப்பியத்தில் பொருளதிகாரத்தில் 'மெய்ப்பாட்டியல்' என்றே ஓர் இயல் இருக்கிறது. மனதில் எழும் உணர்ச்சி உடலில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்களையும் அந்த இயல் சொல்கிறது.

அதில் இளிவரலைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். தான் தாழ்ந்துபோய்விட்டோம் என்ற கூச்சம் கலந்த உணர்வு அது. அதற்கு அங்கே சொல்லப்படும் காரணங்கள் முதுமை, நோய், துன்பம், வலிமை இல்லாமை. இப்போது பாட்டியை நினைத்துப் பாருங்கள். வயதாகிவிட்டது. உடம்பு முடியவில்லை. பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்று கூச்சம். அதனால்தான் "ஒண்ணுமில்ல" என்ற சொல் வருகிறது. அது பொய் இல்லை, இளிவரல். இது புரிந்தால் "ஏன் பாட்டி மறைக்கிறீங்க?" என்று கோபப்பட மாட்டோம்.

திருவள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பை இரண்டு இடங்களில் வைத்திருக்கிறார். பொருட்பாலில் 71ஆவது அதிகாரம், காமத்துப்பாலில் 110ஆவது அதிகாரம். அரசவையில் இருப்பவருக்கும் அது வேண்டும், அன்பு கொண்டவருக்கும் அது வேண்டும். அதே வள்ளுவர் 'இனியவை கூறல்', 'சொல்வன்மை' என்று சொல்லுக்கும் தனி அதிகாரங்கள் எழுதியிருக்கிறார். குறிப்பு தெரிந்தால் சொல் வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை.

அனுமன் தரும் பாடம்

கம்பராமாயணத்தில் இராமன் அனுமனைச் 'சொல்லின் செல்வன்' என்று பாராட்டுகிறான். ஆனால் அந்தச் சொல்லின் செல்வன் இலங்கையிலிருந்து திரும்பி வந்ததும் முதலில் செய்தது என்ன? பேசவில்லை. எதிரே நிற்கும் இராமன் காலிலும் விழவில்லை. சீதை இருக்கும் திசையை நோக்கித் தலையும் கையும் வைத்து, நிலத்தில் விழுந்து வணங்குகிறான்.

இராமன் அதைப் பார்க்கிறான். சீதை நலமாக இருக்கிறாள், இவன் அவளைக் கண்டுவிட்டான், அவள் கற்பும் காக்கப்பட்டிருக்கிறது என்று அந்த ஒரு செயலிலிருந்தே புரிந்துகொள்கிறான். பிறகுதான் அனுமன் வாய் திறக்கிறான். அப்போதும் 'கண்டேன்' என்ற பொருளில் வரும் வினையை முதலில் வைக்கிறான். 'சீதையை...' என்று தொடங்கினால், அடுத்த சொல் வருவதற்குள் கேட்பவர் நெஞ்சு என்ன பாடுபடும்! துடித்துக்கொண்டிருப்பவரிடம் எதை முதலில் சொல்லணும்னு அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்கு முன்பு அசோகவனத்தில் நடந்ததையும் சேர்த்துப் படிக்கணும். இராமன் கொடுத்த கணையாழி அனுமனிடம் இருந்தது. அதை எடுத்த எடுப்பில் நீட்டவில்லை. அறிமுகம் இல்லாத ஒருவர் மோதிரத்தை நீட்டினால் யாருக்கும் சந்தேகம்தான் வரும். முதலில் தான் யாரென்று பேசினான். சீதை கேட்டதற்கு இராமனை விவரித்துச் சொன்னான். அதன்பிறகுதான் கணையாழி. அங்கே சொல் முதலில், அடையாளம் பிறகு. இங்கே குறிப்பு முதலில், சொல் பிறகு. எது முதலில் என்பதைக் கேட்பவரின் மனநிலை முடிவு செய்கிறது.

மௌனம் பேசுமா?

சிவன் கோவில்களில் தெற்கு நோக்கி தட்சிணாமூர்த்தி அமர்ந்திருப்பார். கல்லால மரத்தடியில் நான்கு முனிவர்களுக்கு மௌனமாகவே உபதேசித்த குரு அவர். அவர் கையில் சின்முத்திரை. பெருவிரல் இறைவன், சுட்டுவிரல் உயிர், மற்ற மூன்று விரல்கள் ஆணவம், கன்மம், மாயை. மூன்று மலங்களிலிருந்து விலகிய உயிர் இறைவனைச் சேர்கிறது என்று சைவ சித்தாந்தம் விளக்கும். ஒரு பெரிய தத்துவம் ஐந்து விரல்களில் அடங்கிவிட்டது.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்த முனிவர்கள் ஏற்கெனவே வேதங்களைக் கற்றுத் தேர்ந்தவர்கள். அதனால்தான் மௌனம் அவர்களுக்குப் போதுமாக இருந்தது. விரல்களின் பொருள் நமக்கு எப்படித் தெரிந்தது? சமய வகுப்பில் ஆசிரியரோ வீட்டில் தாத்தாவோ வார்த்தையால் சொன்னதால் தெரிந்தது. அந்தச் சொல் இல்லையென்றால் முத்திரை நமக்கு வெறும் விரல்தான்.

தைப்பூசத்தில் தொண்டூழியம் செய்தவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோவில் வரை காவடி நடக்கும்போது, வாயில் அலகு குத்தியவரால் பேச முடியாது. கூட நடப்பவர்கள் அவர் கண்ணையும் கால் வைக்கும் விதத்தையும் பார்த்துக்கொண்டே வருவார்கள். தண்ணீர் வேண்டுமா, நிற்கணுமா, தோளில் பாரம் அழுத்துகிறதா? முன்கூட்டியே உட்கார்ந்து "தண்ணின்னா இப்படி கையைக் காட்டுங்க, நிக்கணும்னா இப்படி" என்று பேசி வைத்தவர்களுக்கு வேலை எளிது. நல்ல குறிப்புக்குப் பின்னால் நல்ல பேச்சு ஒன்று இருக்கிறது.

அந்த '93 சதவீதம்' உண்மையா?

"தகவல் தொடர்பில் 7 சதவீதம்தான் வார்த்தை, 38 சதவீதம் குரல், 55 சதவீதம் உடல்மொழி" என்று பல பயிலரங்குகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்த எண்கள் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தவை. அவர் சோதித்தது முழு உரையாடலை அல்ல. தனித்தனிச் சொற்களை வெவ்வேறு குரலில் கேட்க வைத்தும், முகப் படங்களைக் காட்டியும் பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று மதிப்பிடச் சொன்னார். உணர்ச்சியைப் பற்றிப் பேசும்போது சொல்லும் முகமும் முரண்பட்டால் எதை நம்புகிறோம் என்பதுதான் கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே விளக்கியிருக்கிறார்.

நாமே சோதித்துப் பார்க்கலாம். தெரியாத மொழி நாடகம் ஒன்றை எழுத்து விளக்கம் இல்லாமல் பாருங்கள். யார் அழுகிறார், யார் கோபப்படுகிறார் என்று தெரியும். ஏன் அழுகிறார்? தெரியாது. குறிப்பு உணர்ச்சியைக் காட்டும். காரணத்தையும் விவரத்தையும் சொல்தான் தரும்.

குறிப்பும் ஊருக்கு ஊர் மாறும். பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் அசைத்தால் 'இல்லை'. நம்மவர்கள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் 'சரி', 'கேட்கிறேன்', 'பார்க்கலாம்' என்று பல பொருள். தேக்கா கடையில் அது நமக்குப் புரியும். வேலையிடத்தில் வேறு இனத்து மேலாளருக்கு அது 'முடியாது' என்று படலாம். அங்கே தலையாட்டலோடு "சரி, செய்றேன்" என்று வாயாலும் சொல்லிவிடுவது நல்லது.

மருந்தகத்தில் நடக்கும் பரீட்சை

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி ஆங்கிலம். இதில் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பேரப்பிள்ளை ஆங்கிலத்திலும் பாட்டி தமிழிலும் இருக்கும் வீட்டில் நடுவே மிஞ்சுவது குறிப்பு மட்டும்தான். சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைப்பது, தலையைத் தடவுவது, புறப்படும்போது நெற்றியில் திருநீறு பூசுவது. அன்பு போய்ச் சேர்ந்துவிடும். வலியின் விவரம் போய்ச் சேராது.

பலதுறை மருந்தகத்தில் பாட்டிக்காக மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் நீங்கள்தான். "நெஞ்சு எரியுது", "நெஞ்சை அடைக்குது", "படபடன்னு வருது", "மூச்சு வாங்குது": நான்கும் வேறு வேறு. நான்கையும் 'நெஞ்சு வலி' என்று ஒன்றாக்கினால் மருத்துவருக்குத் தவறான படம் கிடைக்கும். "தலை சுத்துது" வேறு, "மயக்கம் போட்டுட்டேன்" வேறு. "கால் வலிக்குது" வேறு, "கால் மரத்துப்போச்சு" வேறு. இந்தச் சொற்களைப் பள்ளிப் பாடநூலில் தேட வேண்டாம். வீட்டில் பெரியவர்களோடு பேசினால் வந்துவிடும்.

மருத்துவர் பேசும்போது பாட்டி தலையாட்டிக்கொண்டே இருப்பார். அது 'புரிந்தது' என்று ஆகாது, மரியாதைக்காகவும் ஆட்டலாம். அதனால் வெளியே வந்ததும், "பாட்டி, இந்த மாத்திரையை எப்போ எப்போ போடணும்? எனக்கு ஒரு தடவை சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் வாயால் சரியாக வந்தால்தான் புரிந்தது என்று பொருள்.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே நெஞ்சைத் தடவினால் விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். "எரியுதா, அடைக்குதா? கை வரைக்கும் வலி போகுதா? வேர்க்குதா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அடைக்கிறது, வேர்க்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் யோசிக்காமல் 995ஐ அழையுங்கள். கையைப் பார்த்தது குறிப்பறிதல். கேட்கத் தெரிந்தது மொழி. இரண்டும் சேர்ந்தால் ஓர் உயிரே பிழைக்கலாம்.

கூடிப் பேச

1. உங்கள் வீட்டுப் பெரியவர் உடல் வலியைச் சொல்லப் பயன்படுத்தும் பத்துச் சொற்களைக் கேட்டு எழுதி வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன வேறுபாடு என்று அவரையே விளக்கச் சொல்லுங்கள்.
2. இருவர் இருவராக உட்காருங்கள். "பரவாயில்லை" என்ற சொல்லை நான்கு விதமாகச் சொல்லிக் காட்டுங்கள். மற்றவர் உணர்ச்சியைக் கண்டுபிடிக்கட்டும்.
3. அனுமன் இராமனிடம் செய்தி சொன்ன முறையில், நல்ல செய்தி ஒன்றையும் கெட்ட செய்தி ஒன்றையும் எப்படித் தொடங்குவீர்கள்?
4. உங்கள் கோவிலில் நீங்கள் தினமும் பார்க்கும் ஒரு முத்திரையின் பொருளை அர்ச்சகரிடமோ பெரியவரிடமோ கேட்டு, சிறுவர் வகுப்பில் உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்.

முதல் பயிற்சியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இன்று இரவு சாப்பிடும்போதே தொடங்கலாம்.