வீடு வாங்குவோர் தமக்கெனத் தரகர் அமர்த்திக்கொள்ள வேண்டுமா?

மரக்காணம் உப்பளத்துக்கு வரும் வியாபாரி, குவியலின் ஓரத்தில் நின்று ஒரு பிடி உப்பை அள்ளிப் பார்க்கிறான். ஈரம் எவ்வளவு, மண் எவ்வளவு என்பதை அவன் கையே சொல்லிவிடும். நடுவில் நிற்கும் தரகர் யாருக்காகப் பேசினாலும் அவன் பெரிதும் ஏமாறுவதில்லை. வீடு அப்படிப்பட்ட சரக்கன்று. அதன் வில்லங்கம் சுவரில் எழுதியிராது. ஆகையால் வீடு வாங்க எண்ணுபவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, "இத்தரகர் யாருடைய மனிதர்?" என்பதாகும்.

நம் பக்கங்களில் வழக்கம் யாதெனில், விற்பவர் முதலில் ஒரு தரகரிடம் சொல்லிவைப்பார். வாங்குபவர் அவர் மூலமாகவே வீட்டைப் பார்ப்பார். கிரயம் முடிந்ததும் இருவரும் நூற்றுக்கு 1 அல்லது 2 வீதம் அவருக்குக் கொடுப்பார்கள். இரு கட்சியிலும் கூலி பெறும் இவரை வாங்குபவர் "நம் தரகர்" என்று எண்ணிக்கொள்வது சகஜம். கணக்கைப் பார்ப்போம். ரூ.30 லட்சத்துக்குப் படியும் வீட்டில் நூற்றுக்கு 2 வீதம் தரகு ரூ.60,000. அவர் உங்களுக்காக வாதாடி விலையை ரூ.28 லட்சமாகக் குறைத்தால் உங்களுக்கு மிச்சம் ரூ.2 லட்சம், அவருக்கு உங்கள் பக்கத்துக் கூலியில் மட்டும் ரூ.4,000 நஷ்டம். இதனால் தரகரை அயோக்கியர் என்று சொல்லவில்லை. தம் கூலியைத் தாமே குறைத்துக்கொள்ளும் ஆள் அரிது என்றே சொல்லுகிறோம். நீங்களே அமர்த்திய தரகருக்கும் வீதக் கூலி பேசினால் இதே தோஷம் ஒட்டிக்கொள்ளும்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஏஜெண்டு தம்மை அமர்த்தியவருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். அமர்த்தியவருக்குத் தெரியாமல் அவ்வியாபாரத்தைத் தம் சொந்த லாபத்துக்கு நடத்தினால், அந்த லாபத்தை அவர் கேட்டு வாங்கலாம். இவ்வுரிமை அமர்த்தியவருக்கு மட்டுமே உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் தரகர்களைப் பதிவு செய்துகொள்ளச் சொல்லுகிறதே எனச் சிலர் தைரியம் கொள்ளுகிறார்கள். அது பதிவுபெற்ற புது மனைப்பிரிவுகளையும் அடுக்குக் கட்டடங்களையும் விற்றுக்கொடுப்போருக்கு உரியது. தெருவிலுள்ள பழைய வீட்டைக் காட்டுபவரை அது கட்டுப்படுத்தாது. அமெரிக்காவில் பெரிய வழக்குகள் நடந்த பிறகு, 2024 ஆகஸ்டு 17 முதல், அந்நாட்டு ரியல்டர் சங்கத்துத் தரகர்கள் வாங்குபவரை வீடு பார்க்க அழைத்துச் செல்லுமுன் கூலியை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. நாமோ இன்னும் வாய்ப்பேச்சிலேயே நடத்துகிறோம்.

இனி இக்கரையோர விசேஷங்கள். சித்திரை, வைகாசியில் உப்புப் பாத்திகள் வெளுத்து மின்னும்போது எந்த வீடும் மேட்டிலிருப்பதாகவே தோன்றும். கார்த்திகையில் கழுவெளியும் உப்பங்கழியும் நிரம்பும்போதுதான் உண்மை தெரியும். 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, இதே ஜில்லாவைச் சேர்ந்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அன்று அந்த வீட்டு வாசலில் தண்ணீர் எத்தனை படி ஏறியது என்பதை விற்பவருடைய தரகர் தாமாகச் சொல்லுவாரா? எதிர்வீட்டுக் கிழவியம்மாள் சொல்லுவார். கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலும், கடல்நீர் ஏறியிறங்கும் கழியின் கரைகளிலும், கரையோர ஒழுங்குமுறை விதிகள் உண்டு. இருக்கும் வீட்டை வாங்கிவிட்டுப் பின்னால் மாடி எழுப்ப நினைப்பவர் அங்கேதான் அகப்பட்டுக்கொள்ளுகிறார். ஊருக்குள் உள்ள வீடுகள் பல நத்தத்தில் இருப்பவை. பட்டா யார் பெயரில், அளவு எவ்வளவு என்பதைப் புலப்படத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று பதிவான விவகாரங்களையே காட்டும். பாகம் கேட்கக் காத்திருக்கும் சகோதரியையோ, கோர்ட்டில் நிலுவையிலுள்ள வழக்கையோ அதில் தேட முடியாது.

அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவருக்குத் தரகர் அவசியமில்லை என்பது எமது அபிப்பிராயம். தரகுப் பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு பத்திரங்களைப் பார்க்க ஒரு வக்கீலையும், மனையை அளக்க ஒரு சர்வேயரையும் அமர்த்திக்கொள்ளட்டும். சென்னையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வாங்குபவர் விஷயம் வேறு. அவருக்குத் தெரு தெரியாது. வந்துபோகும் செலவும் அதிகம். அவர் விற்பவரோடு சம்பந்தமில்லாத ஒரு உள்ளூர் மனிதரைத் தமக்கென அமர்த்திக்கொள்ளலாம். அப்போதும் வக்கீலை அவர் கைகாட்டுமிடத்தில் தேடலாகாது. அமர்த்தும்போது வீதம் பேசாமல் ஒரு மொத்தத் தொகை பேசுக. விற்பவரிடம் ஒரு காசும் பெறுவதில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குக. வேறு விதமாகப் பேசியிராவிட்டால், ஒப்புக்கொண்ட காரியம் முடிந்த பிறகே ஏஜெண்டின் கூலி கொடுபடும் என்று மேற்சொன்ன ஒப்பந்தச் சட்டமே கூறுகிறது. ஆகவே ஸப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் பத்திரம் பதிவாகும் நாளே தரகு கொடுக்கும் நாள் என்று அத்தாளில் சேர்த்து எழுதிக்கொள்வது நலம். அதற்கு இணங்காதவரை விட்டுவிட்டு வேறொருவரைத் தேடலாம். மரக்காணத்தில் தரகர்களுக்குப் பஞ்சமில்லை.