கட்டியின் போக்கைச் சொல்லும் புரதங்கள்

இரு பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய். வயதும் கட்டியின் அளவும் ஒன்றே. அறுவைச் சிகிச்சையும் ஒன்றே. ஆயினும் ஒருவருக்கு நோய் திரும்புகிறது, மற்றவருக்குத் திரும்புவதில்லை. ஏன்? விடையின் ஒரு பகுதி, கட்டியின் உயிரணுக்களில் உள்ள புரதங்களில் இருக்கிறது. நோயின் போக்கை அறிய உதவும் இத்தகைய பொருள்களே உயிர்க்குறிப்பான்கள்.

ஹெர்2 என்னும் ஏற்பி

ஹெர்2 உயிரணுச் சவ்வில் பதிந்துள்ள ஒரு புரதம். 'வளர், பிரிவடை' என்ற சமிக்ஞையை உயிரணுவுக்குள் அனுப்புவது அதன் வேலை. இயல்பான உயிரணுவில் இதற்கான மரபணு இரண்டு படிகள் மட்டுமே இருக்கும். மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 15 முதல் 20 விழுக்காட்டில் அப்படிகள் பெருகிவிடுகின்றன. மரபணு பெருகினால் புரதமும் பெருகும். உயிரணு ஓயாமல் பிரியும்.

1987இல் அமெரிக்க ஆய்வாளர் டெனிஸ் ஸ்லாமனும் குழுவினரும் 189 நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்தனர். இம்மரபணு பெருகியிருந்தவர்களுக்கு நோய் விரைவில் திரும்பியதைக் கண்டனர். அன்று ஹெர்2 ஒரு கெட்ட செய்தி.

ஆனால், அப்புரதத்தின் ஒரு பகுதி உயிரணுவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. எனவே எதிர்ப்புரதம் ஒன்று அதைப் பற்றிக்கொள்ள முடியும். அவ்வாறு உருவான டிராஸ்டூசுமாப் மருந்துக்கு 1998இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. கெட்ட செய்தியாக இருந்த புரதமே மருந்துக்கு வழிகாட்டியது.

இரு வேறு கேள்விகள்

'இந்நோய் எப்படிப் போகும்?' என்பது ஒரு கேள்வி. 'இம்மருந்து பலன் தருமா?' என்பது வேறொரு கேள்வி. சில குறிப்பான்கள் முதல் கேள்விக்கு மட்டுமே விடை தரும். ஹெர்2 இரண்டுக்கும் உதவுகிறது.

ஆய்வுக்கூடத்தில் கட்டியின் மெல்லிய திசுத் துண்டுக்குச் சாயமேற்றி, 0, 1+, 2+, 3+ என மதிப்பிடுவர். 3+ என்றால் புரதம் மிகுதி. 2+ ஐயத்திற்குரியது, அப்போது மரபணுப் படிகளை எண்ணிப் பார்த்து முடிவு செய்வர்.

எண்ணைக் கண்டு அஞ்சலாமா?

1965இல் கனடாவில் பில் கோல்டும் சாமுவேல் ஃபிரீட்மனும் கண்டறிந்த சி.இ.ஏ. புரதம் இரத்தத்தில் அளக்கப்படுகிறது. பெருங்குடல் புற்றுநோய்க் கட்டியை அகற்றியபின் இதன் அளவு குறைய வேண்டும். பின்னர் படிப்படியாக ஏறினால், நோய் திரும்பியிருக்கலாம் என மருத்துவர் மேலும் சோதிப்பார். ஆனால் புகைபிடிப்பவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும்கூட இது சற்று உயரக்கூடும். எனவே நலமாக உள்ளவர்களிடம் புற்றுநோயைத் தேட இச்சோதனை ஏற்றதன்று.

உயிர்க்குறிப்பான் சொல்வது சாத்தியத்தை மட்டுமே; ஒரு தனிமனிதரின் முடிவை அன்று. வீட்டில் ஒருவரின் அறிக்கையில் ஓர் எண் தடித்த எழுத்தில் இருந்தால், இணையத்தைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். 'இந்த எண் எந்தக் கேள்விக்கு விடை?' என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சிந்திக்க: புகைபிடிக்கும் ஒருவரின் சி.இ.ஏ. அளவு ஒருமுறை சற்று உயர்ந்துள்ளது. ஒரே அளவீட்டைவிட, சில மாத இடைவெளியில் எடுத்த மூன்று அளவீடுகள் ஏன் அதிகம் உதவும்?