தில்லைமரமும் புதுச்சேரிச் சுறாவும்

சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பழம்பெயரைத் தந்தது ஒரு மரம். கடலூருக்கு வடக்கே அண்மையிலுள்ள புதுச்சேரியின் பெயரைப் பெற்றது ஒரு சுறா. இவ்விரண்டின் இனவகுப்பையும் இற்றை நிலையையும் ஒப்பிட்டு நோக்குவதே எம் கருத்தாம்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அளவால் ஆறாகப் பகுத்து, மரத்தை ஓரறிவுயிர் என்றது. மேனாட்டு நூலோர் உறுப்பமைப்பும் பிறப்புறவும் நோக்கிப் பகுப்பர். அம்முறையில் தில்லை, ஆமணக்குக் குடும்பத்தது; 1759-இல் லின்னேயஸ் அதற்கு எக்ஸோகேரியா அகல்லோக்கா எனப் பெயரிட்டார். முற்பெயர் குருடாக்குவது எனப் பொருள்படும். அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வை கெடுமாதலின் அப்பெயர் பொருந்துவதே. புதுச்சேரிச் சுறாவோ குருத்தெலும்பு மீன் வகுப்பினது. 1839-இல் முல்லர், ஹென்லே என்பார் வெளியிட்ட நூலில் முதன்முதல் விவரிக்கப்பெற்ற அது, இன்று கார்கரைனஸ் ஹெமியோடான் எனப்படும்.

வகுப்பில் இவை இத்துணைச் சேய்மைப்பட்டனவாயினும், அழிவை அளக்குங்கால் இரண்டிற்கும் கோல் ஒன்றே. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல், தொகை எவ்வளவு குறைந்தது, வாழிடம் எவ்வளவு சுருங்கிற்று என மரத்தையும் மீனையும் ஒருங்கே வினவுகின்றது. தில்லை, கவலை மிகக் குறைந்த நிலையில் உள்ளது. சுறா, அழிவின் விளிம்பில் உள்ளது. காரணம் வெளிப்படை. தில்லை வெட்டுண்டாலும் அடியிலிருந்து தளிர்க்கும். இந்தியக் கரை முதல் ஆஸ்திரேலியா வரை பரந்துள்ளது. சுறாக்களோ மெல்ல வளர்ந்து, சில குட்டிகளையே ஈனும். கரையோர வலைகளோ இனம் பிரித்தறியா. புதுச்சேரிச் சுறாவின் மாதிரிகளாக அறியப்பட்டவை இருபதுக்கும் குறைவு; 1979-இல் கிடைத்ததே நெடுங்காலம் இறுதிச் சான்றாகக் கருதப்பட்டது.

ஆயினும், தில்லைக்குக் குறைவில்லை என்று யாம் அமைதியுறல் தகுமோ? பட்டியல் கூறுவது உலகநிலை, ஊர்நிலை அன்று. தில்லைவனம் என்று போற்றப்பட்ட சிதம்பர நகரில் இன்று அவ்வனம் இல்லை. கிழக்கே பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டில்தான் அம்மரத்தைக் காண்கின்றோம். அக்காடு 2022-இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியதே. உலகில் மிக்கிருக்கும் ஒன்று ஓரூரில் முற்றும் மறையலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

சுறாவின் செய்தி வேறு. 2001-இல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பெற்றது. ஆனால் வலையில் அகப்பட்டது எச்சுறா என அறியாதார்க்குச் சட்டம் என்ன உதவும்? மார்புத் துடுப்பு, இரண்டாம் முதுகுத் துடுப்பு, வாலின் கீழ்மடல் இவற்றின் நுனி கறுத்திருத்தல் அதன் அடையாளம். பிற சுறாக்கள் சிலவற்றிற்கும் கருநுனி உண்டாதலின், கூர்ந்து நோக்கல் வேண்டும்.

ஆகவே இனவகுப்பு ஏட்டளவில் நிற்கும் கல்வி அன்று. பெயரறிந்து பிரித்தறிதலே காத்தலின் முதற்படி என்பது எம் துணிபு.