புதுக்கோழிக்கும் ஓர் இடம்

எங்கள் ஊர் தெற்கு அந்தமானில் இருக்கிறது. எங்கள் கற்போர் மையத்துக்கு ஓர் அக்கா வருவார். அவர் வீட்டில் ஆறு பெட்டைக்கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன. முட்டை விற்ற காசு அவர் கையில் இருக்கும். மகளுக்கு நோட்டும் பேனாவும் அந்தக் காசில்தான் வாங்குவார்.

ஒரு நாள் அக்கா இரண்டு புதுக்கோழிகள் வாங்கினார். இரண்டும் நிக்கோபாரிக் கோழிகள். மதியம் அவற்றைப் பழைய கோழிகளின் நடுவே விட்டார். வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து பார்த்தார். ஒரு கோழியின் தலையில் ரத்தம். இன்னொரு கோழி மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

அன்று இரவு மையத்துக்கு வந்தபோது அக்காவின் முகம் வாடி இருந்தது.

"யார் கண் பட்டதோ தெரியலை. காசு கொடுத்து வாங்கினது போச்சு" என்றார்.

எங்கள் மையத்தில் ஒரு பெரியம்மாவும் படிக்கிறார். சிறு வயது முதல் கோழி வளர்க்கிறவர். அவர் சிரித்தார்.

"கண்ணும் இல்லை, காதும் இல்லை. உன் கோழிக்கூட்டத்தில் யாரு பெரியவள்னு உனக்குத் தெரியுமா?"

"கோழியில் என்ன பெரியம்மா, பெரியவள் சின்னவள்?"

"நாளைக்குத் தீனி போடும்போது நின்னு பாரு. எது முதலில் வருது? எது யாரைக் கொத்துது? அப்புறம் சொல்லு."

கொத்தும் வரிசை

பெரியம்மா சொன்னது உண்மை. கோழிக்கூட்டத்தில் ஒரு வரிசை உண்டு. முதல் கோழி எல்லாக் கோழிகளையும் கொத்தும். அதை எந்தப் பெட்டைக்கோழியும் கொத்தாது. இரண்டாம் கோழி, முதல் கோழிக்கு வழி விடும். மற்றவற்றைக் கொத்தும். கடைசிக் கோழி எல்லாரிடமும் கொத்து வாங்கும்.

நார்வே நாட்டு அறிஞர் ஒருவர் சிறு வயதிலேயே கோழிகளைக் கவனித்து வந்தார். இந்த வரிசையைப் பற்றி 1921-ஆம் ஆண்டில் எழுதினார்.

வரிசை முடிவாகிவிட்டால் சண்டை குறையும். ஒவ்வொரு கோழிக்கும் தன் இடம் தெரியும். புதிய கோழி வந்தால் வரிசை குலையும். மறுபடியும் சண்டை வரும். இடம் குறுகலாக இருந்தால் புதுக்கோழியால் ஓட முடியாது. ரத்தத்தைப் பார்த்தால் மற்றக் கோழிகள் அதே இடத்தில் கொத்தும். கோழி செத்துக்கூடப் போகும்.

என்ன செய்ய வேண்டும்?

1. காயம்பட்ட கோழியை உடனே பிரித்து வையுங்கள். காயம் ஆறும்வரை கூட்டத்தில் விடாதீர்கள்.

2. புதுக்கோழியை முதல் இரண்டு வாரம் தூரத்தில் தனியாக வையுங்கள். நோய் இருந்தால் தெரிந்துவிடும்.

3. பிறகு ஒரு வாரம் பழைய கோழிகளின் கண்ணில் படும்படி பஞ்சாரத்தில் வையுங்கள். ஒன்றை ஒன்று பார்த்துப் பழகும்.

4. அதன் பிறகு ஒரு நாள் இருட்டியதும் கூட்டுக்குள் விடுங்கள். மறுநாள் காலையில் அருகில் இருந்து கவனியுங்கள்.

5. தீனியும் தண்ணீரும் இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரே தட்டு என்றால் கடைசிக் கோழி பட்டினி கிடக்கும்.

6. கோழி இரவில் கொம்பில் உட்காரும். ஒரு கோழிக்கு ஒரு சாண் இடமாவது வேண்டும்.

நமது தீவின் கோழி

நிக்கோபாரிக் கோழி நமது தீவுகளுக்கே உரியது. கால் குட்டையாக இருக்கும். உடல் உருண்டையாக இருக்கும். நாட்டுக்கோழிகளில் இது நன்றாக முட்டையிடும். நன்கு கவனித்தால் ஆண்டுக்கு 140 முட்டைகூட இடும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. நிக்கோபார் தீவுகளில் மக்களோடு கோழிகளும் ஏராளமாக அழிந்தன. இந்த இனத்தைக் காப்பது நமது கடமை. போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. அங்கே உள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைப் பாதுகாக்கிறது.

குஞ்சும் நோயும்

எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அதே சேவலைப் பல ஆண்டு வைத்திருக்காதீர்கள். தன் குஞ்சுகளோடே அது சேரும். பிறக்கும் குஞ்சுகள் நலிந்து போகும். வேறு வீட்டுச் சேவலை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடை வைத்த முட்டை 21 நாளில் பொரியும். பொரிப்பதற்கு முன்பே குஞ்சு முட்டைக்குள் இருந்து கத்தும். தாய் பதில் குரல் கொடுக்கும். அந்த நேரத்தில் கோழியைக் கிளப்பாதீர்கள்.

நமது தீவுகளில் மழை அதிகம். கூட்டின் தரை ஈரமானால் ரத்தக்கழிச்சல் வரும். கூட்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுங்கள். மரத்தூள் ஈரமானால் மாற்றுங்கள். வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூட்டமே அழியும். வந்தபின் அதற்கு மருந்து இல்லை. வருமுன் தடுப்பூசி உண்டு. கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள்.

பிறகு என்ன ஆயிற்று?

அக்கா பெரியம்மா சொன்னபடி செய்தார். காயம் ஆறியது. மூன்று வாரம் கழித்து இரண்டு கோழிகளும் கூட்டத்தில் சேர்ந்தன.

ஒரு நாள் அக்கா கையில் ஒரு முட்டையோடு மையத்துக்கு வந்தார்.

"கொத்து வாங்கினதே, அதே கோழி போட்டது பெரியம்மா!"

"இப்போ யாரும் அதைக் கொத்தலையா?"

"கொத்துதுங்க. இன்னும் அதுக்குக் கடைசி இடம்தான். ஆனா இரண்டாவது தட்டில் வயிறு நிறையத் தின்னுது."

படித்தோம், பேசுவோம்

1. புதுக்கோழியை மற்றக் கோழிகள் ஏன் கொத்தின?
2. தீனியை ஏன் இரண்டு இடத்தில் வைக்க வேண்டும்?
3. ஒரு கோழி 12 முட்டைகளை அடை காத்தது. 9 குஞ்சுகள் பொரித்தன. பொரிக்காத முட்டைகள் எத்தனை?
4. உங்கள் வீட்டுக் கோழிகளைக் காலையில் கவனியுங்கள். எது முதல்? எது கடைசி? எழுதி வாருங்கள்.