இல்லாத கப்பலுக்கு ஒரு மாதிரி

போர்க்கப்பலையோ ஆகாய விமானத்தையோ பிளாஸ்டிக்கில் செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஐயம் எழுந்தால் பொருட்காட்சிசாலைக்குப் போய் அசலைப் பார்த்து வரலாம். அதை அளந்து குறித்த ஏடுகளும் அகப்படும். விஞ்ஞானப் புனைகதைகளில் வரும் விண்கப்பல்களை ஒட்டி, வர்ணம் தீட்டி, அலமாரியில் வைத்து ஆனந்திக்கிற என் போன்றவர்களுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. ஏனெனில் நாங்கள் பிரதி செய்ய முற்படும் கப்பல் எக்காலத்திலும் எத்துறையிலும் வந்து நின்றதில்லை. அசல் என்று ஒன்றைச் சுட்டிக் காட்டத்தான் வேண்டுமென்றால், அது சினிமா ஸ்டூடியோவில் யாரோ சிலர் மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் கட்டிய இன்னொரு பொம்மையே. இந்த விநோதத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளாமல் பசையைத் திறந்தவர்கள் பாதி வழியில் எந்தச் சாம்பல் நிறம் சரி, எந்தக் கோடு பிழை என்று தடுமாறி நிற்பதைக் கண்டிருக்கிறேன். ஆதலால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதற்கண் சொல்வது, ஸ்டூடியோவில் இருந்த பொம்மையைச் செய்யப் போகிறோமா, அந்தப் பொம்மை எதைக் குறித்து நின்றதோ அந்தக் கற்பனைக் கப்பலைச் செய்யப் போகிறோமா என்பதைப் பெட்டியைப் பிரிக்கும் முன்னரே நிச்சயித்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடரின் என்டர்பிரைஸ் கப்பலை எடுத்துக்கொள்வோம். மாட் ஜெஃபரீஸ் வகுத்த உருவத்தைக் கொண்டு 1964இல் செய்யப்பட்ட பெரிய மாதிரி ஏறக்குறைய 3.4 மீட்டர் நீளமுள்ளது, பெரும்பகுதி மரவேலை. 1974 முதல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தாரின் வசமுள்ள அதனை மிகுந்த சிரத்தையுடன் செப்பனிட்டு, வாஷிங்டனிலுள்ள விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் 2016இல் மறுபடியும் பார்வைக்கு வைத்தார்கள். அதன் வலப்புறம் எவ்வளவுக்கெவ்வளவு அலங்காரம் பெற்றிருக்கிறதோ, இடப்புறம் அவ்வளவுக்கவ்வளவு வெறுமையாகக் கிடக்கிறது. விளக்குகளுக்கான மின்கம்பிகள் அந்தப் பக்கமாகவே உள்ளே சென்றபடியால், காமிரா வலப்புறத்தை மட்டும் பார்த்துப் பழகிவிட்டது. ஸ்டூடியோ மாதிரிக்கு விசுவாசமாக இருக்க விரும்புகிறவன் இடப்புறத்தை மூளியாக விட வேண்டும். அப்படித் துணிந்தவர்கள் அபூர்வம். நிறத்தின் கதையும் இதுவே. செப்பனிட்டவர்களுக்கு வழிகாட்டியாக நின்றது கப்பலின் முன்பகுதியான வட்டத் தட்டின் மேற்புறத்தில் அழியாமல் எஞ்சியிருந்த பழைய வர்ணம். ஆனால் திரையிலோ ஒளிக்குத் தக்கபடி அதே கப்பல் ஒரு காட்சியில் நீலம் பாரித்தும் மற்றொன்றில் ஏறத்தாழ வெள்ளையாகவும் தோன்றுகிறது. நான் கண் கண்டதற்கே கட்டுப்படுகிற கட்சி. திரையில் பார்த்து நாம் மோகித்த நிறத்தையே பூசலாம். விளக்கு அணைந்தபின் கொட்டகையில் அது என்ன நிறமாக இருந்ததென்ற விசாரணை சரித்திர ஆசிரியர்களுடையது.

இன்னொரு விசேஷமும் உண்டு. 1968இல் வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்துக்காக இங்கிலாந்தில் செய்த டிஸ்கவரி கப்பல் 54 அடி நீளம், அதன் மேனியெங்கும் ஒட்டிய நுட்ப வேலைப்பாடுகளிற் பல, கடையில் விற்கும் பிளாஸ்டிக் கிட்டுகளிலிருந்து பிய்த்தெடுத்த உறுப்புகள். 1977இன் ஸ்டார் வார்ஸ் கப்பல்களைக் கட்டியவர்களும் கலிபோர்னியாவின் வான் நைஸிலிருந்த ஒரு கிடங்கில் அமர்ந்து, டாங்கி, கார், போர்க்கப்பல் கிட்டுகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, அவற்றின் துண்டுதுணுக்குகளை மில்லெனியம் ஃபால்கனின் முதுகில் பதித்தார்கள். ஆக, ஃபால்கன் கிட் ஒன்றை நாம் ஒட்டும்போது, டாங்கி கிட்டின் உறுப்பைப் பார்த்து வார்த்த உறுப்பையே ஒட்டுகிறோம். எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது: ஸ்டார் டிரெக்கின் 1967ஆம் வருஷத்துக் கதையொன்றில் சேதமுற்று மிதக்கும் கான்ஸ்டலேஷன் என்ற கப்பல், கடையில் வாங்கிய ஏ.எம்.டி. கம்பெனியின் என்டர்பிரைஸ் கிட்டேதான். என்டர்பிரைஸின் எண்ணான 1701இன் இலக்கங்களை இடம் மாற்றி 1017 ஆக்கி, உடம்பைச் சிதைத்து நடிக்க வைத்துவிட்டார்கள். இந்த வமிசாவளியை அறிந்த நாள் முதலாக நான் எந்தக் கிட்டின் மிச்ச உறுப்பையும் எறிவதில்லை. ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தால், பின்னொரு நாள் வெறுமையாகத் தோன்றும் ஓர் இயந்திர அறைக்கு அவையே உயிர் கொடுக்கும்.

அளவு விகிதத்தைப் பற்றிச் சற்று நிதானித்துச் சொல்ல வேண்டும். என்டர்பிரைஸின் கற்பனை நீளம் 289 மீட்டர். 1/1000 விகிதத்தில் அது 29 சென்டிமீட்டராகி மேஜைமேல் அடங்கும். 1/350இல் 82 சென்டிமீட்டரைத் தாண்டி, வீட்டாரின் சம்மதத்தை வேண்டி நிற்கும். இத்தகைய கிட்டுகள் பலவற்றில் தகடுகளின் இணைப்பைக் காட்டுவதற்காகக் கோடுகள் கீறியிருப்பார்கள். 0.3 மில்லிமீட்டர் அகலமுள்ள கோடு கைக்கு நுண்ணியதாகவே தோன்றும். 1/350இல் அது பத்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பிளவு, 1/1000இலோ ஓர் அடி அகலமுள்ள வாய்க்கால். அந்தக் கோட்டிலே கறுப்பு மையை வேறு ஓடவிட்டால், பிரம்மாண்டமான கப்பல் அக்கணமே கைப்பிடிப் பொம்மையாகச் சுருங்கிப் போகிறது. பெரிய கப்பலுக்குக் கோட்டை நிரப்பித் தேய்ப்பதும், அடிநிறத்தைவிட ஒரு படி மட்டும் கருமையான சாம்பலைப் பயன்படுத்துவதும் என் வழக்கம். ஸ்டார் வார்ஸின் 1/72 எக்ஸ்-விங் போன்ற சிறு கலங்களுக்கு இவ்வளவு எச்சரிக்கை வேண்டியதில்லை.

ஒட்டும் வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உறுப்புகளைச் சட்டத்தோடு சோப்பு நீரில் கழுவி அச்சின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிய பின், நிப்பரால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, 400இல் தொடங்கி 1000 வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிளாஸ்டிக் சிமென்ட் இரு விளிம்புகளையும் உருக்கி ஒன்றாக்குவதால் அதுவே உறுதி. கண்ணாடி போன்ற உறுப்புகளுக்கு மட்டும் அதையும் சூப்பர் குளூவையும் தொடாதீர்கள். ஒன்று உருக்கிவிடும், மற்றதன் ஆவி வெண்படலமாகப் படிந்துவிடும். வீட்டிலுள்ள ஃபெவிகால் போதும்.

விளக்கு வைப்பதில் பலருக்கு அவசரம் மிகுதி. உட்புறத்தில் முதலில் கறுப்பும் அதன்மேல் வெள்ளையும் பூசாமல் எல்.இ.டி.யைப் பொருத்தினால், வெளிச்சம் பிளாஸ்டிக்கை ஊடுருவிக் கப்பல் முழுவதும் காகிதக் கூடுபோல் ஒளிரும். கறுப்பு ஒளியைத் தடுக்கும். வெள்ளை அதைச் சிதற அடித்து ஜன்னல்களுக்குச் சமமாகப் பங்கிடும். 9 வோல்ட் பேட்டரியில் ஒரு வெள்ளை எல்.இ.டி.க்கு 330 ஓம் மின்தடை போதுமென்று கணக்குச் சொல்லும். நான் 1000 ஓம் போடுகிறேன். ஜன்னல் மங்கலாக எரிந்தால்தான் கப்பல் பெரிதாகத் தோன்றுகிறது. பேட்டரியைக் கப்பலுக்குள் புதைக்காமல் பீடத்தில் வைப்பது விவேகம். என்றேனும் ஒரு நாள் அதை மாற்றியாக வேண்டும்.

கடலோர ஊரில் வசிக்கிற நான் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் லாக்கர் வர்ணத்தைத் தெளிப்பதே இல்லை. அதிலுள்ள திரவம் விரைந்து ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிய, வர்ணம் வெளுத்துப் போகிறது. அக்காலத்தை ஒட்டுவதற்கும் தேய்ப்பதற்கும் ஒதுக்கிவிடலாம். நீரில் நனைத்து ஒட்டும் சித்திரமான டீகாலைப் பொறுத்தவரை, ஒட்டுமுன் பளபளப்பான வார்னிஷ் பூச வேண்டியது அவசியம். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிறைப்பட்டு வெள்ளி மினுமினுப்புத் தெரியும். ஒட்டிக் காய்ந்த பின் மங்கல் வார்னிஷைப் பூசினால் ஒட்டிய தடயமே தெரியாது.

அழுக்குப் பூசுவதில் அநேகர் கைவரிசையைக் காட்டுகிறார்கள். காரணத்தை யோசிக்கிறவர்கள் சிலரே. எக்ஸ்-விங் காட்டிலும் சதுப்பிலும் இறங்குகிற கலம். அதன்மேல் புகைக்கரியும் பெயர்ந்த வர்ணமும் அழகு. டிஸ்கவரியோ எந்தக் கிரகத்தின் காற்றையும் தொடாமல் சூனியத்திலேயே சஞ்சரிப்பது. அதன் வெண்மேனியில் மழை வழிந்த கோடுகளைப் போடுகிறவரிடம் மழை எங்கே பெய்ததென்று கேட்கத் தோன்றுகிறது. கேட்பதில்லை, அவரவர் கப்பல் அவரவர் பிரபஞ்சத்துக்குச் சொந்தம்.

சேகரிப்பைப் பற்றி என் அபிப்பிராயம் கடுமையானது. ஏ.எம்.டி.யின் என்டர்பிரைஸ் 1966இல் முதன்முதல் வந்தது. அதற்குப் பின் எத்தனையோ தடவை புதுப் பெட்டிகளில் மறுபிறவி எடுத்துவிட்டது. ஏ.எம்.டி., எம்.பி.சி., போலார் லைட்ஸ் ஆகிய பெயர்கள் யாவும் இப்பொழுது ரவுண்ட் 2 என்ற ஒரே கம்பெனியின் கையில் இருப்பதால், பழைய கிட்டுகள் திரும்ப அச்சாகி வருவது சகஜம். அப்படி வந்தவுடன், ஒட்டுவதற்கென்று பழைய பெட்டிக்கு மிதமிஞ்சிய விலை கொடுத்தவரின் கணக்குப் பிசகிவிடுகிறது. பெட்டியின் படத்துக்காகவே வாங்குகிறவர் வேறு ஜாதி. அவரோடு எனக்கு வழக்கில்லை. பழைய கிட்டின் டீகால் மஞ்சளித்திருந்தால் ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டி வைத்தால் சில வாரங்களில் வெளுக்கும். வெடிப்புக் கண்டிருந்தால் நீரில் இடுமுன் மேலே வார்னிஷ் பூசுங்கள். தனி நபர்கள் சிறு அளவில் ரெசினில் வார்க்கும் கிட்டுகளை வாங்குவோர் முகமூடி அணிந்து, ஈரமாகவே தேய்க்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அவற்றைத் திருட்டுத்தனமாக மறுவார்ப்புச் செய்து மலிவாக விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள். அசலைச் செய்தவர் தொழிலை விட்டுவிட்டால் அடுத்த கப்பல் யாருக்கும் கிடைக்காது.

எதில் தொடங்குவதென்று கேட்கிறவர்களுக்கு, பந்தாய் கம்பெனியின் 1/72 எக்ஸ்-விங்கைச் சொல்வேன். பசையின்றி அழுத்திப் பொருத்தலாம். பிளாஸ்டிக்கே நிறத்தோடு வருவதால் வர்ணம் பூசாவிட்டாலும் பார்க்கத் தக்கதாக இருக்கும். டீகாலும் ஒட்டுத்தாளும் இரண்டுமே பெட்டிக்குள் இருக்கும். ஒரு மீட்டரைத் தாண்டும் டிஸ்கவரியின் மீது முதலிலேயே கண் வைக்காதீர்கள். எக்ஸ்-விங்கை முடித்து அலமாரியில் ஏற்றும் வரை இரண்டாவது பெட்டியை வாங்க வேண்டாம்.