வெயிலைத் தேடி ஒரு விடுமுறை

"வெயிலில் அலையாதே!" என்று அம்மா சொல்லாத நாள் நம் வீடுகளில் இல்லை. ஆனால் படிக்கவும் வேலைக்கும் லண்டன் சென்ற நம் ஊர் அக்காமார் சிலர், வெயிலுக்காகவே பணம் சேர்த்து, தோழியரோடு மூன்று நாள் வேறு நாட்டுக்குப் போய்வருகிறார்கள். ஏன்?

பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்துள்ளது. புதுக்கோட்டை வடக்கே 10 பாகையை அடுத்தும், லண்டன் 51½ பாகையிலும் உள்ளன. டிசம்பர் 21-ஐ ஒட்டி நமக்குப் பகல் ஏறத்தாழ 11½ மணி நேரம். அங்கே 8 மணி நேரம்கூட இல்லை. வெயிலும் சாய்வாக விழுவதால், குளிர்காலத்தில் தோலில் வைட்டமின் டி போதிய அளவு உண்டாவதில்லை. நம்மைப் போல் கருமை கூடிய தோலுக்கு வெயில் இன்னும் அதிகம் தேவை. ஆகவே தெற்காசியர் ஆண்டு முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி உட்கொள்வது நல்லது என்று பிரிட்டனின் சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது. மூன்று நாள் வெயில் அதற்கு ஈடாகாது; ஆனால் மனம் தெளியும்.

லண்டனிலிருந்து சுமார் மூன்று மணி நேர விமானப் பயணத்தில், 36 பாகையில் இருக்கிறது மால்டா தீவு. நம் கடவுச்சீட்டுக்கு பிரிட்டன் விசா போதாது; ஷெங்கன் விசாவும் வேண்டும். புனித சின்னப்பர் கப்பல் உடைந்து கரையேறிய தீவு இதுவே. அன்று அங்கும் மழையும் குளிரும்தான். தீவு மக்கள் தீ மூட்டி அனைவரையும் அரவணைத்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூலில் படிக்கிறோம்.

"வீட்டுக்கு வராமல் ஊர் சுற்றுகிறாளே!" என்று பெற்றோர் வருந்துவதுண்டு. மூன்று நாள் விடுப்பில் புதுக்கோட்டை வந்து திரும்ப இயலுமா? அக்காவின் கடற்கரைப் படம் வந்தால், "குளிர் விட்டதா?" என்று அன்போடு கேட்போம்.