சிறுநீர்த் தொகுதித் தொற்று: காரணங்கள், சிகிச்சை, தடுக்கும் வழிகள்

மாணவர்களே, மனிதச் சிறுநீர்த் தொகுதியின் பகுதிகளை நீங்கள் ஏற்கனவே கற்றுள்ளீர்கள். சிறுநீரகங்களில் உருவாகும் சிறுநீர் சிறுநீர்க்கான்கள் வழியே சிறுநீர்ப்பையை அடைந்து, சிறுநீர்வழியினூடாக வெளியேறுகின்றது. இப்பாதை மேலிருந்து கீழாக அமைந்தது. நோயை உண்டாக்கும் பற்றீரியாக்களோ பெரும்பாலும் கீழிருந்து மேலாக ஏறுகின்றன. இந்த ஒரு கருத்தை விளங்கிக்கொண்டால், இப்பாடத்தின் பெரும்பகுதியை மனனம் செய்யாமலே எழுதலாம்.

1. நோய்க்காரணி

பெரும்பாலான தொற்றுக்களுக்குக் காரணம் எசரிக்கியா கோலை (ஈ. கோலை) என்னும் பற்றீரியாவாகும். 1885 இல் தியோடர் எஷரிக் என்பவர் இதனை முதன்முதலில் விவரித்தார். இது எமது பெருங்குடலில் இயல்பாகவே வாழ்கின்றது. அங்கு இருக்கும்வரை பொதுவாகத் தீங்கில்லை. குதத்தின் அருகிலிருந்து சிறுநீர்வழியை அடைந்து மேலேறும்போதே நோய் தோன்றுகின்றது. எனவே இந்நோய் பெரும்பாலும் பிறரிடமிருந்து தொற்றுவதன்று. எமது உடலிலுள்ள பற்றீரியாவே இடம் மாறுவதால் ஏற்படுவது.

2. தொற்றுக்கு ஏதுவான நிலைமைகள்

(அ) பெண்களின் உடலமைப்பு: பெண்களின் சிறுநீர்வழி ஏறத்தாழ 4 செ.மீ. நீளமானது, ஆண்களில் ஏறத்தாழ 20 செ.மீ. மேலும் பெண்களில் சிறுநீர்வழியின் துவாரம் குதத்திற்கு அண்மையில் உள்ளது. ஆகவே பெண்களில் இந்நோய் அதிகம்.

(ஆ) சிறுநீரை நீண்ட நேரம் அடக்கி வைத்தல்: சிறுநீர் கழியும் ஒவ்வொரு முறையும் உள்ளே புகுந்த பற்றீரியாக்கள் கழுவி அகற்றப்படுகின்றன. அடக்கி வைத்தால் அவை பெருக அவகாசம் கிடைக்கின்றது.

(இ) போதியளவு நீர் அருந்தாமை.

(ஈ) நீரிழிவு, சிறுநீரகக் கல், மலச்சிக்கல், கர்ப்பகாலம், முதிய ஆண்களில் முன்னிற்கும் சுரப்பி வீங்குதல், வைத்தியத் தேவைக்காகச் சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டிருத்தல்.

ஒரு சிறு கணிப்பு: உகந்த நிலைமைகளில் ஈ. கோலை ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரையான 6 மணித்தியாலங்களில் 18 பிரிவுகள் நிகழலாம். ஒரு கலம் 2,62,144 கலங்களாகும். சிறுநீரில் பெருக்கம் இதனிலும் மெதுவானது. எனினும் பாடசாலை மலசலகூடத்திற்குச் செல்லத் தயங்கி, அதற்காகவே நீரும் அருந்தாமல் இருப்பது எவ்வளவு தவறான பழக்கம் என்பதை இக்கணிப்பு உணர்த்தும்.

3. அறிகுறிகள்

சிறுநீர்ப்பையில் தொற்று ஏற்பட்டால்: சிறுநீர் கழிக்கும்போது எரிவு, அடிக்கடி சிறிதளவாகக் கழிதல், அடிவயிற்று வலி, சிறுநீர் கலங்கலாகவோ துர்நாற்றத்துடனோ இருத்தல், சிலவேளை குருதி கலந்திருத்தல்.

தொற்று சிறுநீரகத்தை அடைந்தால்: குளிருடன் கூடிய காய்ச்சல், இடுப்பின் பின்பக்கத்தில் வலி, வாந்தி. இவை தோன்றினால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். சிகிச்சை பெறாவிடின் சிறுநீரகத்தில் நிலையான பாதிப்பு ஏற்படலாம். கிருமிகள் குருதியில் கலந்து உயிராபத்தும் நேரலாம்.

4. “நீர்க்கடுப்பு” எல்லாம் தொற்றா?

சிறுநீர் எரிவை எமது பேச்சு வழக்கில் நீர்க்கடுப்பு என்றும், அதற்குக் காரணம் உடற்சூடு என்றும் கூறுவர். வெயிலில் விளையாடி, நீர் குறைவாக அருந்திய நாளில் சிறுநீர் செறிவடைந்து எரிவு தோன்றலாம். இது நீர் அருந்தியதும் குறைந்துவிடும். ஆனால் எரிவு தொடர்ந்தாலோ, காய்ச்சல் அல்லது குருதி காணப்பட்டாலோ இளநீரும் பார்லித் தண்ணீரும் மட்டும் போதா. அவை நீரிழப்பை ஈடுசெய்யும், பற்றீரியாவை அழிக்கமாட்டா.

5. பரிசோதனையும் சிகிச்சையும்

சிறுநீரில் வெண்குருதிக் கலங்கள் உள்ளனவா என நுணுக்குக்காட்டியினால் பார்க்கப்படும். சிறுநீர் வளர்ப்புப் பரிசோதனை மூலம் எந்தப் பற்றீரியா, அதனை எந்த மருந்து அழிக்கும் என்பன அறியப்படும். இதற்குத் தொடக்கத்தில் வெளியேறும் சிறுநீரை விட்டு, நடுப்பகுதியைத் தூய்மையான போத்தலில் சேகரிக்கவேண்டும்.

சிகிச்சை நுண்ணுயிர்க்கொல்லி மருந்தாகும். இரண்டு நாளில் எரிவு நின்றதும் பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். இது தவறு. எஞ்சியுள்ள பற்றீரியாக்கள் மீண்டும் பெருகி நோய் திரும்பலாம். தேவையற்ற விதமாகவும் தவறான அளவிலும் மருந்தைப் பாவிக்கும்போது, எதிர்ப்புத்தன்மை கொண்ட பற்றீரியாக்கள் தப்பிப் பிழைத்துப் பெருகுகின்றன. நீங்கள் கற்ற இயற்கைத் தேர்வுக்கு இது சிறந்த உதாரணம். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945 இல் தமது நோபல் உரையிலேயே இவ்வாபத்தை எச்சரித்தார். ஆகவே வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளையோ அயலவருக்குக் கொடுத்த மருந்தையோ பாவிக்கக்கூடாது.

6. தடுக்கும் வழிகள்

• நாள் முழுவதும் போதியளவு நீர் அருந்துதல். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருப்பது நல்ல அடையாளம்.
• சிறுநீரை அடக்காமல், முழுமையாகக் கழித்தல்.
• மலங்கழித்த பின் முன்னிருந்து பின்னாகச் சுத்தம் செய்தல்.
• பருத்தி உள்ளாடைகளை அணிந்து தினமும் மாற்றுதல். மாதவிடாய்க் காலத்தில் அணையாடையை உரிய நேரத்தில் மாற்றுதல்.
• நார்ப்பொருள் உள்ள உணவை உண்டு மலச்சிக்கலைத் தவிர்த்தல்.

7. மாதிரி வினாக்கள்

(i) பெண்களில் இந்நோய் அதிகமாக ஏற்படக் காரணங்கள் இரண்டு தருக.
விடை: சிறுநீர்வழி குறுகிய நீளமுடையது, அதன் துவாரம் குதத்திற்கு அண்மையிலுள்ளது. (“பெண்கள் பலவீனமானவர்கள்” என எழுதினால் புள்ளி கிடையாது.)

(ii) அதிக நீர் அருந்துதல் தொற்றைத் தடுப்பது எவ்வாறு?
விடை: சிறுநீரின் அளவு கூடி, அடிக்கடி வெளியேறுவதால் பற்றீரியாக்கள் கழுவி அகற்றப்படும். (“உடல் குளிர்ச்சியடையும்” என்பது விடையன்று.)

(iii) வைத்தியர் குறித்த நாள் வரை மருந்தை உட்கொள்ளவேண்டியது ஏன்?
விடை: அறிகுறிகள் மறைந்தாலும் பற்றீரியாக்கள் எஞ்சியிருக்கலாம், அவை பெருகினால் நோய் மீளத் தோன்றும்.

இந்நோய் வெட்கப்பட வேண்டிய ஒன்றன்று. எரிவோ வலியோ தோன்றினால் மறைக்காமல் அம்மாவிடமோ ஆசிரியையிடமோ கூறுங்கள். ஆரம்பத்திலேயே சிகிச்சை பெற்றால் சில நாட்களில் குணமடையும்.